மியூச்சுவல் டிவோர்ஸ், செட்டில்மென்ட் ஒப்பந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்ந்து வாழ முடியாது, சண்டை போட்டு வருஷக்கணக்கில் வாய்தா வாங்கவும் வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவுக்கு வந்த பிறகு எழுதுகிற ஒப்பந்தத்தைப் பற்றித்தான் இந்தப் பக்கம். உயர் நீதிமன்றம் இருக்கிற பாரிமுனைப் பக்கம் இதை எம்.ஓ.யு. என்பார்கள், செட்டில்மென்ட் என்றும் சொல்வார்கள். இந்து திருமணச் சட்டப்படி சென்னையில் நடக்கிற வழக்குகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கும் பெரும்பாலும் இதே நடைமுறைதான். கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில் பிரிந்திருக்க வேண்டிய காலம் 2 ஆண்டு என்று எழுதியிருக்கிறது, அவர்கள் அதை முதலில் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கினால் விவாகரத்து ஆகிவிடாதா?

ஆகாது. முத்திரைத்தாளில் "இன்று முதல் நமக்குள் எந்த உறவும் இல்லை" என்று எழுதி, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சாட்சிக் கையெழுத்து போட்டு, நோட்டரி சீல் குத்தியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். சில சமூகங்களில் வழிவழியாக வரும் அறுத்துக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் ஏற்கிறது, ஆனால் அப்படியொரு வழக்கம் இருக்கிறது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். மற்றவர்கள் அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது கல்யாணம் செல்லாது, அதற்குத் தனியாகக் கிரிமினல் வழக்கும் வரும். ஒப்பந்தம் என்பது குடும்பநல நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து போடும் மனுவோடு இணைக்கிற காகிதம். "இதன் ஷரத்துகள் தீர்ப்பாணையின் பகுதியாக அமைய வேண்டும்" என்று மனுவிலேயே கேட்டு வாங்க வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போனால் பின்னால் பணம் வசூலிக்கப் போகும்போது தலைவலி.

எப்போது பேச ஆரம்பிக்கலாம்? ஆறு மாதம் காத்திருந்தே ஆக வேண்டுமா?

பேச்சை எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். மனு போட, குறைந்தது ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், அதாவது சட்டத்தின் 13பி பிரிவு. பிரிந்து வாழ்வது என்றால் தனித்தனி வீடு என்று கட்டாயமில்லை, ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. முதல் மனுவுக்கும் இரண்டாவது முறை ஆஜராவதற்கும் நடுவில் ஆறு மாதம், அதிகபட்சம் பதினெட்டு மாதம். இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்கு ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு எல்லாம் ஏற்கெனவே பேசி முடிந்திருக்க வேண்டும், சமரச முயற்சியும் பலிக்காமல் போயிருக்க வேண்டும். ஆகவே சீக்கிரம் முடிய வேண்டும் என்கிறவர்கள் ஓடி ஓடி மனு போடுவதைவிட ஒப்பந்தத்தை ஒழுங்காக முடித்துவிட்டு மனு போடுவது நல்லது.

பெரியவர்களே உட்கார்ந்து பேசிவிட்டார்கள். மீடியேஷன் (சமரசப் பேச்சு) எதற்கு?

பெரியவர்கள் பேசுவதில் ஒரு நல்லது உண்டு, மொத்தத் தொகை சட்டென்று ஒரு இடத்துக்கு வந்துவிடும். கெட்டதும் உண்டு. "மண்டபத்துக்கு நாங்கதான் கொடுத்தோம்", "உங்க சம்பந்தி அன்னைக்கு என்ன பேசினார் தெரியுமா" என்று பேச்சு கல்யாணத்தன்றைக்கே திரும்பிப் போய்விடும், பிரியப் போகிற இரண்டு பேரும் மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. அங்கே பேசுவது ரகசியம், "மீடியேஷனில் இப்படி ஒத்துக்கொண்டார்" என்று பிறகு கோர்ட்டில் போய்ச் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில்தான் பலரும் தங்கள் உண்மையான எண்ணை வாய்விட்டுச் சொல்கிறார்கள். அத்தையும் மாமாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும், உள்ளே நீங்கள் இரண்டு பேர் மட்டும் போங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

எவ்வளவு கேட்கலாம்? சம்பளத்தில் 25 சதவீதம் என்கிறார்களே?

அப்படி ஒரு சூத்திரம் கிடையாது. 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கையில் வரும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்றது, அது வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றிச் சட்டமாகிவிட்டது. இரண்டு பேரின் வருமானம், வயது, எத்தனை வருஷ வாழ்க்கை, வேலையை விட்டவர் யார், குழந்தை யாரோடு, ஏற்கெனவே உள்ள கடன், இத்தனையும் சேர்ந்துதான் தொகை. இன்னொன்று, அமெரிக்காவில் சில மாநிலங்களில் இருப்பதுபோல "கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியதில் பாதி" என்ற சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இல்லத்தரசியின் உழைப்பும் சொத்து சேர்வதற்கான பங்களிப்புதான், அதனால் அவருக்கும் அதில் சம உரிமை உண்டு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் சொன்னது. பேரம் பேசும்போது அதை எடுத்து வைக்கலாம், அதுவே பாதியை வாங்கித் தந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

எண்ணைப் பேசுவதற்கு முன் காகிதத்தைக் கேளுங்கள். ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படிவமே கொடுத்திருக்கிறது. கோர்ட் கேட்கும்வரை காத்திருக்காமல் அதே படிவத்தை இரண்டு பேரும் நிரப்பி மாற்றிக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கூடவே ஆபீஸில் தரும் வரிச் சான்றான ஃபார்ம் 16, ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக். காட்ட மறுக்கிறவர் சொல்லும் தொகையை நம்பிக் கையெழுத்து போடாதீர்கள்.

நகையும் சீர்சாமானும்?

பெரிய தொகையெல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு ஜோடி ஜிமிக்கியில் பேச்சு உடைந்து போவது அடிக்கடி நடக்கிற விஷயம், அதனால் இதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய ஸ்ரீதனம், அது யார் லாக்கரில் இருந்தாலும் அவளுடையது. 1985-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. சிக்கல் உரிமையில் இல்லை, கணக்கில்தான். பெண் வீட்டில் ஐம்பது சவரன் என்பார்கள், மாப்பிள்ளை வீட்டில் முப்பத்தைந்துதான் வந்தது என்பார்கள், நடுவில் வளைகாப்புக்குப் போட்டது, அடகு வைத்து மீட்காமல் போனது, பழசை மாற்றிப் புதுசு வாங்கியது என்று ஒரு தனிக் கதை ஓடும்.

கல்யாண ஆல்பத்தையும் நகைக்கடை பில்லையும் வைத்து ஒரு பட்டியல் போடுங்கள். சவரனில் மட்டும் எழுதாமல் கிராமிலும் எழுதுங்கள். "நெக்லஸ் ஒன்று" என்று எழுதாதீர்கள், "சிவப்புக் கல் அட்டிகை, 32 கிராம், புகைப்படம் 4" என்று எழுதுங்கள். திருப்பித் தரும் இடம், நாள், எடை போடுவது யார் என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும். தாலிக்கொடியை யார் வைத்துக்கொள்வது என்பதையும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள், கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் பழசாகிப் போனவை, அவற்றை எடுக்க டெம்போ பிடித்து மூன்றாவது மாடியிலிருந்து இறக்குவதைவிட ஒரு தொகை போட்டு முடிப்பது புத்திசாலித்தனம்.

இரண்டு பேர் பெயரிலும் ஃபிளாட். ஹோம் லோன் இன்னும் ஓடுகிறது.

எல்லோரும் தப்பாக எழுதுவது இங்கேதான். "இனி இ.எம்.ஐ.யைக் கணவர் கட்டுவார், வீடு அவருக்கே" என்று எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் பேங்க் கையெழுத்து போடவில்லை. அவர் கட்டாமல் விட்டால் பேங்க் உங்களைத்தான் துரத்தும், உங்கள் சிபில் ஸ்கோரும் அடிபடும், கோர்ட் தீர்ப்பைக் காட்டினாலும் "மேடம், நீங்க கோ-பாரோயர்", அதாவது சேர்ந்து கடன் வாங்கியவர், என்று சொல்லிவிடுவார்கள். லோனிலிருந்து பெயர் நீங்க வேண்டும் என்றால் வீட்டை வைத்துக்கொள்கிறவர் தன் சம்பளத்தை மட்டும் காட்டி லோனைத் தன் பெயருக்கு மாற்ற பேங்கைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அல்லது வேறு பேங்குக்கு மாற்ற வேண்டும், முடியாவிட்டால் வீட்டை விற்று லோனை அடைத்து மிச்சத்தைப் பிரிக்க வேண்டும். அதனால் முதலில் பேங்கில் போய்க் கேளுங்கள், பிறகு ஒப்பந்தம் எழுதுங்கள்.

அப்புறம் பத்திரப்பதிவு. தன் பாகத்தை விட்டுக்கொடுக்கிறவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரமோ செட்டில்மென்ட் பத்திரமோ (இது சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம், நாம் பேசுகிற ஒப்பந்தம் அல்ல) பதிய வேண்டும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலை முதல் அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. கவனியுங்கள், குடும்ப உறுப்பினர்களுக்குள். தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் ஒருவருக்கொருவர் குடும்பம் இல்லை, சலுகையும் கேள்விக்குறி. ஆகவே பதிவு தீர்ப்புக்கு முன்பே நடக்க வேண்டும். ஆனால் முன்பே எழுதிக்கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் கடைசி நாளில் வராமல் போனால் எழுதிக்கொடுத்தவர் கதி? இரண்டாவது முறை ஆஜராகும் தேதியை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு ஓரிரு நாள் முன்னால் பதிவு வைத்துக்கொள்வது நடைமுறையில் இருக்கிற வழி. லோன் ஓடுகிற வீட்டின் மூலப்பத்திரம் பேங்கில் இருக்கும், வில்லங்கச் சான்றிலும் அந்த அடமானம் காட்டும், அதனால் பேங்கின் தடையில்லாச் சான்று கையில் இல்லாமல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் நிற்காதீர்கள்.

குழந்தையைப் பார்ப்பது பற்றி எப்படி எழுதுவது?

பெரும்பாலான ஒப்பந்தங்களில் நான் பார்க்கிற வாக்கியம் இது: "தந்தை, தாயாரிடம் முன்கூட்டித் தெரிவித்து, இருவருக்கும் வசதியான நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்." படிக்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் இனி வசதியான நாள் என்று ஒன்று வராது. ஒவ்வொரு வாரமும் ஒரு போன், ஒவ்வொரு போனும் ஒரு சண்டை. ஒப்பந்தம் எழுதும்போது நான் வைத்துக்கொள்ளும் ஒரே சோதனை, இந்த இரண்டு பேரும் பேசவே பேசாமல் ஒரு மூன்றாம் மனிதர் இந்தக் காகிதத்தை மட்டும் படித்துவிட்டுக் காரியத்தை நடத்த முடியுமா என்பது. அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

"ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தாயாரின் வீட்டு வாசலில் தந்தை குழந்தையை அழைத்துக்கொண்டு, மறுநாள் மாலை 6 மணிக்கு அதே இடத்தில் ஒப்படைப்பார். குழந்தைக்கு உடல்நலமில்லாமல் ஒரு சந்திப்பு தவறினால் அடுத்த சனிக்கிழமை அது ஈடுசெய்யப்படும். பொங்கல் தந்தையிடம், தீபாவளி தாயாரிடம், அடுத்த ஆண்டு மாறி. கோடை விடுமுறையின் முதல் பாதி தாயாரிடம், பின்பாதி தந்தையிடம். புதன்கிழமை இரவு 7.30 முதல் 8 வரை வீடியோ அழைப்பு."

கைக்குழந்தை என்றால் இரவு தங்கல் வேண்டாம், இரண்டு மூன்று மணி நேரம் ஏதாவது பூங்காவில் போதும். பூங்கா என்று எழுதினால் எந்தப் பூங்கா என்றும் எழுதுங்கள், திறந்திருக்கும் நாளா என்றும் பாருங்கள். கிண்டி சிறுவர் பூங்கா செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். இவை தவிர பாஸ்போர்ட்டுக்கு எதிர்ப்பக்கம் எத்தனை நாளில் கையெழுத்து போட வேண்டும், பள்ளி ரிப்போர்ட் கார்டு இருவருக்கும் வருமா, ஊர் மாறினால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதையும் சேருங்கள். பேசி முடித்த ஏற்பாடே ஆனாலும் குழந்தையின் நலனுக்காக நீதிமன்றம் பிறகு இதை மாற்றலாம், "இதை ஒருபோதும் மாற்றக்கூடாது" என்று எழுதுவதால் பயன் இல்லை.

"எனக்கும் குழந்தைக்கும் எதுவும் வேண்டாம், ஆளை விட்டால் போதும்" என்று எழுதிக்கொடுக்கலாமா?

உங்களுக்கு வேண்டாம் என்பது உங்கள் முடிவு, கோபத்தில் எடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். குழந்தைக்கு வேண்டாம் என்று எழுத உங்களுக்கு உரிமையே இல்லை. குழந்தையின் பராமரிப்பு குழந்தையின் உரிமை, தாய் கையெழுத்து போட்டாலும் அது போகாது. அப்பாவின் சொத்தில் பிள்ளைக்குள்ள வாரிசுரிமையும் விவாகரத்தால் போகாது. ஆகவே மாதத் தொகை ஒன்று, அது ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஏறும் என்பது ஒன்று, இரண்டையும் எழுதுங்கள். "கல்விச் செலவு" என்ற சொல்லுக்குள் வேன் ஃபீஸ் வருமா, டியூஷன் வருமா, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நீட் கோச்சிங் வருமா, கல்லூரி வருமா? இன்றைக்கு எல்.கே.ஜி. படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும், அந்தப் பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து போடுகிறீர்கள்.

மகளிர் ஸ்டேஷன் கேஸ் இருக்கிறது. "முதலில் கேஸை வாபஸ் வாங்கு", "முதலில் பணத்தைக் கொடு" என்று நிற்கிறது.

இருவர் பயமும் நியாயமானதுதான். மனைவியைக் கணவரோ அவர் வீட்டாரோ கொடுமைப்படுத்தியதாகப் போடும் வழக்கு இது, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் இதைப் புகார் கொடுத்தவர் கீழ்க்கோர்ட்டில் போய் வாபஸ் என்று சொல்லி முடிக்க முடியாது. இருவரும் சமரசமாகிவிட்டதைச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும், இப்படிப்பட்ட குடும்ப வழக்குகளை ரத்து செய்யலாம் என்று 2003-லிருந்தே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. முட்டுக்கட்டையைத் தீர்க்க ஒரே வழி, தொகையைத் துண்டு போட்டு ஒவ்வொரு துண்டையும் ஒரு கட்டத்தோடு கட்டுவது. உதாரணமாக 20 லட்சம் என்றால் முதல் மனு தாக்கலின்போது 6 லட்சம், இரண்டாவது முறை ஆஜராகி வாக்குமூலம் கொடுக்கும் நாளில் நீதிபதி முன்னிலையில் 8 லட்சம், மிச்சம் 6 லட்சம் ரத்து உத்தரவு வரும் நாளில். கடைசித் துண்டுக்கான டி.டி.யை எடுத்து நகலைக் கொடுத்துவிட்டு அசலைக் கணவரின் வக்கீல் வைத்திருக்கலாம், ஆனால் டி.டி.க்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்பதை மறக்காதீர்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம், ஒரு ரூபாய்கூட. ஜீவனாம்சம், குடும்ப வன்முறைச் சட்டம் என்று போட்ட எல்லா வழக்குகளையும் நம்பரோடு பட்டியலிட்டு எது எப்போது முடியும் என்று எழுதுங்கள். "மற்ற வழக்குகள் அனைத்தும்" என்று பொதுவாக எழுதிவிட்டு ஒரு வழக்கு விட்டுப்போனால் மறுபடியும் முதலிலிருந்து.

கையெழுத்து போட்ட பிறகு ஒருவர் மனம் மாறினால்?

தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், ஒப்பந்தத்தைக் காட்டி யாரையும் விவாகரத்துக்குக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வாங்கிய பணத்தையும் நகையையும் வைத்துக்கொண்டே "மாட்டேன்" என்பது வேறு விஷயம். பின்வாங்குகிறவர் பெற்றதை எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்று ஒரு ஷரத்து போடுங்கள். கோர்ட்டில் உறுதிமொழி கொடுத்துவிட்டு மீறினால் அவமதிப்பு நடவடிக்கைக்கும் இடம் உண்டு.

தீர்ப்பு வந்துவிட்டது, பணம் வரவில்லை.

ஷரத்துகள் தீர்ப்பில் சேர்ந்திருந்தால் அதே கோர்ட்டில் நிறைவேற்று மனு போட்டுச் சம்பளத்தையோ சொத்தையோ ஜப்தி செய்யக் கேட்கலாம். தாமதத்துக்கு வட்டி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இந்த இடத்தில் உதவும்.

வரி கட்ட வேண்டுமா?

ஒட்டுமொத்தமாக ஒரே தடவை வாங்கும் ஜீவனாம்சம் மூலதன வரவு, வருமானம் ஆகாது என்று 1980-களிலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது, அதுதான் இன்றும் பின்பற்றப்படுகிறது. மாதாமாதம் வருவது வருமானம். கொடுக்கிறவருக்கு இரண்டிலுமே வரிக் கழிவு கிடையாது.

இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதுமா? ஒப்பந்தம் இங்கிலீஷில் இருக்கிறதே?

மனுவை ஒருவரே போடலாம். ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் உங்களுக்கென்று ஒருவர் படித்துச் சொல்வது நல்லது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். இங்கிலீஷ் சரளமாக வராது என்றால் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, அடித்துத் திருத்திய இடங்களில் இருவரின் சுருக்கொப்பம்.

அவர் துபாயில் இருக்கிறார், ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர முடியாது.

பவர் ஏஜென்ட் மூலமும் காணொலி மூலமும் நடத்த சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் அனுமதித்திருக்கிறது. பவர் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று வர வேண்டும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். அப்பா, அம்மாவை ஏஜென்டாகப் போடுவது வழக்கம், மாமியாரும் மருமகளும் ஒரே வராண்டாவில் காத்திருக்கும்படி ஆகும் என்பதை யோசித்துப் போடுங்கள்.

எல்லாம் முடிந்தது. இனி என்ன?

தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போட்டு, இரண்டு மூன்று பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். பி.எஃப்., எல்.ஐ.சி., பேங்க், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாவற்றிலும் நாமினி பெயரை மாற்றுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு ஒருவர் இறந்துபோனால் அவருடைய பெற்றோரும் பழைய துணையும் அதே பணத்துக்கு அலைகிறார்கள். ஜாயின்ட் அக்கவுன்ட்டை மூடுங்கள், லாக்கர் சாவியை ஒப்படைத்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், ரேஷன் கார்டில் பெயர் நீக்கிச் சேருங்கள். ஆபீஸ் மெடிக்ளெய்மில் இனி முன்னாள் துணைக்கு இடம் இருக்காது, அந்த கவரேஜ் நிற்பதற்குள் அவர் தனி பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் பெயர் எந்தப் பாலிசியில் தொடர்கிறது என்பதையும் எச்.ஆர்.இடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.